வாரம் ஒரு தலைப்பு, ஒரு படம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எமது வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். மற்ற வகுப்பினர் தங்கள் பழைய வகுப்புப் படத்தைத் திரையில் காட்டிப் பேசினார்கள். எங்களிடம் அப்படி ஒரு படம் இல்லை. 1990இலும் 1991இலும் தீவுப்பகுதியை விட்டு வெளிக்கிட்டபோது, எங்களில் அநேகமானோர் அல்பங்களை அலுமாரியிலேயே வைத்துவிட்டுப் போனோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியே இல்லை. ஆகவே, படம் இல்லாத வகுப்பு படம் எடுக்கப் பழகிய கதையை இன்று சொல்கிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்களில் பன்னிரண்டு பேர் ஒரு விளையாட்டுத் தொடங்கினோம். ஊர்காவற்றுறையில் இருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், வெள்ளவத்தையில் இருவர். மற்றவர்கள் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று பரந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி ஒரு தலைப்புச் சொல்லுவாள். அடுத்த சனிக்குள் எல்லோரும் அந்தத் தலைப்புக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். பழைய படம் அனுப்பக் கூடாது. முன்பு செய்து பார்க்காத ஒரு முறையையாவது முயல வேண்டும். கைத்தொலைபேசி போதும்.

ஐம்பது வயதுக்கு மேல் இதென்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில் ஜூலியா மார்கரெட் கமரன். 1863ஆம் ஆண்டு, 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடுதான் அவர் தொடங்கினார். அவருடைய படங்கள் தெளிவில்லாதவை என்று அக்காலத்தில் பலர் குறை சொன்னார்கள். அந்த மங்கலைத்தான் இன்று உலகம் போற்றுகிறது. 1875இல் இலங்கைக்கு வந்து குடியிருந்த அவர், 1879இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எங்கள் முதல் தலைப்பு 'அசைவு'. ஊரில் இருக்கும் சிநேகிதி மாலை மங்கும் நேரம் இறங்குதுறைக்குப் போனாள். காரைநகரிலிருந்து பாதை வந்து சேர்ந்த நேரம், கைத்தொலைபேசியை ஒரு கல்லில் அசையாமல் சாய்த்து வைத்து, சில விநாடிகள் ஒளி விழும்படி எடுத்தாள். சைக்கிள் உருட்டிக்கொண்டு இறங்கியவர்கள் புகைபோலக் கரைந்துவிட்டார்கள். ஆரையோ பார்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா மட்டும் தெளிவாக இருந்தார். நாங்கள் எல்லோரும் ஒருநாள் போனவர்கள் என்றபடியால், அந்தப் படத்தைப் பார்த்து வெகுநேரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

'துளை' என்ற வாரம் ரொறன்ரோ சிநேகிதி ஓர் அறையின் யன்னலைக் கறுப்பு மட்டையால் முழுக்க மூடி, நடுவில் ஒரு சதம் அளவு துளை இட்டாள். வெளியே இருந்த பனி மூடிய தெரு, எதிர்ச் சுவரில் தலைகீழாக வந்து விழுந்தது. கமரா என்ற பெட்டியின் அடிப்படை இதுதான். எங்கள் ஓட்டு வீடுகளில் ஓட்டு இடுக்கால் வந்த வெயில் நிலத்தில் வட்டம் வட்டமாக விழுந்தது நினைவிருக்கிறதா? இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் விழுந்தது வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனுடைய படம். அதற்குள் நின்று விளையாடிய எங்களுக்கு அது அப்போது தெரியாது.

'நீலம்' என்ற வாரம்தான் எங்களுக்குப் பெரிய பாடம். எல்லோரும் கடலையும் வானத்தையும் அனுப்ப, லண்டன் சிநேகிதி கமராவே இல்லாமல் ஒரு படம் செய்தாள். இரண்டு இரும்புச் சேர்வைகளின் கரைசல் பூசிய தாளில் ஒரு பொருளை வைத்து வெயில் காட்டி, பிறகு தண்ணீரில் கழுவினால், வெயில் பட்ட இடம் கடும் நீலமாகும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். 1842இல் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்து, ஒளிப்படங்களால் ஆன ஒரு புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார். எங்கள் கரையில் சாதாளை ஒதுங்கிக் கிடந்தும், அதை ஒருநாள் இப்படிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லையே!

சிநேகிதி தாளின்மேல் வைத்தது சாதாளை அல்ல. எட்டாம் வகுப்பில் தையல் பாடத்துக்காக அவள் பின்னிய சிறிய லேஸ் துணி. இடம்பெயர்ந்தபோது எப்படியோ உடுப்புகளுக்குள் அகப்பட்டு அவளோடு போய்விட்டது. ஒவ்வொரு கண்ணியும் நீலத்தில் வெள்ளையாக விழுந்திருந்தது. ஒரு மூலையில் பிழைவிட்ட கண்ணியும் அப்படியே தெரிந்தது. பிரித்துத் திரும்பப் பின்னச் சொன்ன ரீச்சரின் குரல் எங்களுக்குக் கேட்டது.

அதன் பிறகு ஒரு தலைப்பு எங்களைத் தடுமாற வைத்தது. 'இல்லாதது'. மூன்று நாட்களாக ஒரு படமும் வரவில்லை. நாலாம் நாள் ஒருத்தி, எங்கள் எல்லோருடைய பழைய அடையாள அட்டைப் படங்களையும் கணினியில் ஒட்டி, பாடசாலை முன்மண்டபத்தில் நிற்பதுபோல ஒரு வகுப்புப் படம் செய்து அனுப்பினாள். வெட்டு ஒட்டு ஒன்றும் தெரியவில்லை. சிலர் அழுதோம். சிலருக்குக் கோபம் வந்தது. எடுக்காத படத்தை எடுத்த படம் என்று எங்கள் பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்களே என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கிழமை நாங்கள் நன்றாகவே வாதாடினோம்.

அப்போது எங்களுக்கு வழிகாட்டியவர் கொழும்பில் பிறந்த லயனல் வென்ற். 1944இல் மறைந்த அவர், படங்களை ஒன்றோடொன்று சேர்த்தார், ஒளியைப் புரட்டிக் கோடுகளாக்கினார், என்னென்னவோ பரிசோதித்தார். ஆனால் பார்ப்பவருக்கு இது செய்த படம் என்று தெரியும். அவர் ஏமாற்றவில்லை, கற்பனை செய்தார். ஒட்டியதை ஒட்டியதாகவே காட்டுவது என்று நாங்களும் முடிவு செய்தோம்.

இந்த விழாவுக்கு முன்தினம் எங்களில் ஒன்பது பேர் எங்கள் பழைய வகுப்பறையில் கூடினோம். பன்னிரண்டு கதிரைகளை வரிசையாக வைத்து, கமராவை முக்காலியில் பொருத்தி, முப்பது விநாடிகள் திறந்து வைத்தோம். முதல் பாதி நேரம் அசையாமல் இருந்துவிட்டு, மெதுவாக எழும்பி விலகினோம். படத்தில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு ஊடாகக் கதிரையும் சுவரும் தெரிகின்றன. மூன்று கதிரைகள் வெறுமையாகவே இருக்கின்றன. இருவருக்கு வர வசதிப்படவில்லை. ஒருத்தி போன வருடம் எங்களை விட்டுப் போய்விட்டாள். அவள் கடைசியாகத் தந்த தலைப்பு 'வாசல்'.

இதுதான் எங்கள் வகுப்புப் படம். திரையில் இப்போது பார்க்கிறீர்கள்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பாடசாலைப் படம் ஒன்று தப்பியிருந்தால், அதை யன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் தட்டையாக வையுங்கள். கைத்தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அல்பத் தாளில் ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், ஒட்டியபடியே எடுங்கள். நிறத்தைத் திருத்துவதற்கு முன், திருத்தாத பிரதி ஒன்றைத் தனியே சேமியுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களை, ஞாபகம் இருக்கும்போதே, எழுதி வையுங்கள்.

படம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஞாயிறு உங்களுக்கும் ஒரு தலைப்புத் தருகிறோம்: 'வாசல்'. அடுத்த சனிக்குள் அனுப்புங்கள்.