பெட்டி மாற்றும்போது கடிதங்கள் பத்திரம்

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கடிதம் எப்படிக் கைக்கு வந்தது என்பது மறந்திருக்காது. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாங்கி வந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறப்புப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு ஆபீசில் ஒன்றும் இருக்காது. பெட்டி கரையானுக்குப் போனால் கடிதமும் போயிற்று.

கணினியில் மின்னஞ்சல் வந்தபோதும் முதலில் இதே வழக்கம்தான் இருந்தது. 1997-இல் வெளிவந்த 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்ற மென்பொருளை உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்தியிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து கடிதங்களை இறக்கி, நம் வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டு, அங்கே இருந்ததை அழித்துவிடும். இதற்குப் 'பாப்' முறை என்று பெயர். நாம் எழுதி அனுப்பிய கடிதத்தின் படியோ அனுப்பியவர் கணினியில் மட்டுமே தங்கும்.

சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டில் ஓர் அம்மாள் என்னை வீட்டுக்கு அழைத்தார். தோட்டத்திலிருந்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பம். மூலையில் ஒரு பழைய கணினி, மேலே துணி போர்த்தி இருந்தது.

"வாத்தியாரே, இந்தப் பொட்டியத் தூக்கிப் போடணும்கிறான் மவன். உள்ளார அவங்கப்பா எழுதின கடுதாசி எல்லாம் இருக்கே, அது என்னாகும்?" என்று கேட்டார்.

கணவர் பால்மரம் சீவியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகள் பெங்களூரில் மருத்துவம் படித்த ஐந்து ஆண்டுகளும் வாரம் ஒரு கடிதம் அவர் வாயால் சொல்ல, இளைய மகன் 'முரசு அஞ்சல்' மென்பொருளில் தமிழிலேயே தட்டி அனுப்பியிருக்கிறான். அவர் 2010-இல் காலமானார். மகளிடமும் அக்கடிதங்கள் இல்லை. கல்லூரி கொடுத்த முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்பட்டுவிட்டது. அந்த மனிதர் பேசிய பேச்சு எழுத்தாக இருப்பது அந்தத் துணி போர்த்திய கணினியில் மட்டும்தான்.

மென்பொருள் ஏன் நின்று போகிறது என்று கேட்பீர்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ், வின்டோஸ் எக்ஸ்பியோடு முடிந்தது. எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014 ஏப்ரலில் நின்றது. அதற்குப் பின் வந்த 'லைவ் மெயில்' 2017 ஜனவரியோடும், வின்டோஸ் 10-இன் 'மெயில்' 2024 டிசம்பரோடும் ஆதரவு இழந்தன. பூட்டும் மாறிவிட்டது: வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வரும் பழைய மென்பொருள்களைக் கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்தியது. நம் நாட்டின் முதல் இணையச் சேவை நிறுவனமான 'ஜாரிங்' 2015-இல் மூடப்பட்டது. மென்பொருள், முகவரி, கணினி இம்மூன்றும் தனித்தனியே சாகும். கடிதம் இவற்றில் எதனோடும் சாக வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1988-இல் ஸ்டீவ் டார்னர் என்பவர் 'யூடோரா' என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதினார். தபால் நிலையத்தில் குடியேறிய ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்ட்டி என்ற எழுத்தாளரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அழகான பெயர். அதுவும் 2006-இல் கைவிடப்பட்டது.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பலர் புதிய மென்பொருளைப் போட்டுவிட்டு, மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மரத்தை வெட்டிவிட்டா கன்று தேடுவார்கள்? முதலில் நாற்று மேடை, பிறகுதானே மறுநடவு. நான் செய்த தவற்றையே சொல்கிறேன். என் பழைய கணினியிலிருந்து 'மை டாக்குமென்ட்ஸ்' என்ற உறையை மட்டும் விரலியில் படியெடுத்துக்கொண்டு, கணினியைப் பழைய சாமான்காரருக்கு விற்றேன். கடிதங்கள் அந்த உறையில் இல்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவற்றை மறைவான வேறோர் உறையில், 'டிபிஎக்ஸ்' என்று முடியும் கோப்புகளாக வைத்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுக் கடிதங்கள் முப்பது வெள்ளிக்குப் போயின.

ஆகவே, அம்மாளின் கணினியில் முதல் வேலையாக அந்தக் கோப்புகளைத் தேடிப் படியெடுத்தோம். வந்தவை, அனுப்பியவை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோப்பு உண்டு. அனுப்பியவற்றை மறந்துவிடாதீர்கள், அப்பாவின் கடிதங்கள் இருந்தது அதில்தான். இடையில் அந்த மென்பொருள், இடத்தைச் சுருக்கட்டுமா என்று கேட்கும். படியெடுத்து முடியும்வரை வேண்டாம் என்றே பதில் சொல்லுங்கள்.

அடுத்து, பழைய மென்பொருளைத் திறந்து, கடிதங்களை மொத்தமாகப் பிடித்து வெளியே ஓர் உறைக்குள் இழுத்துவிட்டோம். ஒவ்வொரு கடிதமும் 'இஎம்எல்' என்ற தனிக் கோப்பாயிற்று. இந்த வகையைப் பல மென்பொருள்கள் படிக்கும். புதிய கணினியில் 'தண்டர்பேர்ட்' என்ற மென்பொருளைப் போட்டோம். 2004-இல் முதல் பதிப்பு கண்ட அது இன்றும் இலவசம். நான் அதைத்தான் விரும்புகிறேன். அந்தக் கோப்புகளை அதன் உறைக்குள் இழுத்துவிட்டதும் நாள்வாரியாக வரிசையில் நின்றன. கணக்கை 'ஐமேப்' முறையில் அமைத்தோம். இதில் கடிதம் ஆபீசிலேயே இருக்கும். நாம் எந்தக் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் படிக்கலாம். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் ஒரு படியை விரலியில் தனியே எடுத்து வைத்தோம்.

எல்லாம் முடிந்து ஒரு கடிதத்தைத் திறந்தால், தமிழே இல்லை! ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக ஒரே கிறுக்கல். மகன், "கெட்டுப் போச்சு சார், அழிச்சிடலாம்" என்றான். கெடவில்லை, நேயர்களே. யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்க் கடிதங்கள் பல 'தஸ்கி' என்ற குறியீட்டில் எழுதப்பட்டன. அதற்குரிய எழுத்துருவைப் போட்டாலோ, குறியீடு மாற்றும் கருவியில் கொடுத்தாலோ தமிழ் திரும்பிவிடும். உங்கள் பிள்ளைகள் இப்படிப்பட்ட கிறுக்கலைக் கண்டு குப்பை என்று அழிக்க முற்பட்டால், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கணினி உயிர் பெறவே மறுத்தாலும் உள்ளிருக்கும் வன்தட்டு நன்றாக இருக்கலாம். அதை மட்டும் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பார்க்கக் கடைக்காரர்களால் முடியும். கடையில் கொடுக்கும்போது, "இதை ஃபார்மட் செய்யக் கூடாது, கடிதம் வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டியே கொடுங்கள்.

அம்மாளுக்கு முதல் கடிதத்தை மகன் படித்துக் காட்டினான். மழையால் பதினொரு நாள் மரம் சீவவில்லை, ஆனாலும் பணம் அனுப்பிவிட்டேன், வயிற்றுக்குச் சாப்பிடு என்று இருந்தது. "பதினொரு நாளு இல்ல, ஒம்போது நாளுதான்," என்றார் அம்மாள்.