குறும்பகற் காலமும் மனச்சோர்வும்



யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்துப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம் நீளும். அதே மாதத்தில் பார்க்கிங்கில் காலை 8 மணியளவில் உதிக்கும் சூரியன், மாலை 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. இருளில் வேலைக்குப் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்புவோர் பலர். பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த முதியோருட் சிலர், குளிருக்கு அஞ்சி வாரக்கணக்கில் வாசற்படியைத் தாண்டுவதில்லை.

இக்காலத்தில் சிலரை ஒருவகைச் சோர்வு பற்றிக்கொள்கிறது. நெடுநேரம் உறங்கினாலும் களைப்பு நீங்குவதில்லை. சோறும் பாணும் இனிப்பும் மிகுதியாக உண்ணத் தோன்றுகிறது. உற்றாரின் தொலைபேசி அழைப்பை ஏற்கவும் மனம் வருவதில்லை. ஐப்பசியில் கடிகாரம் பின்தள்ளப்படும் காலத்தில் தொடங்கி, பங்குனியளவில் விலகி, மறு ஆண்டும் திரும்பி வருவதே இதன் அடையாளம்.

வீட்டிலுள்ளோர் இதனைச் சோம்பல் என்பர். பாதிக்கப்பட்டவரோ "உடம்பு ஏலாது" என்று கூறி ஒதுங்கிவிடுவார். இது சோம்பலும் அன்று, மனவலிமைக் குறைவும் அன்று. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் நோர்மன் ரோசந்தாலும் அவருடன் பணியாற்றியோரும் இதனைப் பருவகால மனச்சோர்வு என விவரித்தனர். கண்வழியே புகும் பகலொளி குறையும்போது, உறக்கத்தையும் மனநிலையையும் ஆளும் மூளையின் இயக்கம் தடம் மாறுகிறது என்பது மருத்துவர் பலரின் கருத்து.

முதல் மருந்து காலை வெளிச்சமே. முகில் மூடிய நாளிலும் வெளியே கிடைக்கும் ஒளி, வீட்டு மின்விளக்கின் ஒளியைவிடப் பன்மடங்கு மிகுந்தது. 1898 இல் திறக்கப்பட்ட பார்க்கிங் பூங்காவின் ஏரிக்கரையிலோ, அபே இடிபாடுகளைச் சூழ்ந்த பசுந்தரையிலோ நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது நன்று. முதியவரைத் தனியே அனுப்பாது துணைக்கு ஒருவர் செல்வது இரட்டிப்பு நன்மை தரும். இதற்கெனச் செய்யப்பட்ட ஒளிப்பெட்டியைச் சிலர் பயன்படுத்துகின்றனர். கண்நோய் உள்ளோரும் வேறு மருந்து உட்கொள்வோரும் அதனை வாங்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் குடும்ப மருத்துவரை நாடுவதே முறை. அங்கே "உடம்பு நோகிறது" என்று மட்டும் கூறாது, "ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் மனம் சோர்கிறது" என்று கூறுவது நோயை இனங்காண உதவும். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனச் சந்திப்பைப் பதியும்போதே கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. 18 வயது நிரம்பியோர், மருத்துவரின் கடிதமின்றியே என்.எச்.எஸ் உரையாடல் சிகிச்சைக்குத் தாமே விண்ணப்பிக்கலாம்.

வேலையிடத்திலும் சட்டத்தின் துணை உண்டு. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் ஒரு நோய், இடையில் தணிந்தாலும் மீண்டும் வரக்கூடியதாயின், தொடர்வதாகவே கருதப்படும். அவ்வரையறைக்குள் அடங்கும் ஊழியருக்குச் சாளரத்தருகே இருக்கை, பகலொளியில் நடக்க ஏற்ற இடைவேளை போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்வது தொழில்தருநரின் கடமையாகும். ஆனால், நோயை மறைத்தவருக்கு அவ்வுதவி எளிதிற் கிட்டாது.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின் ஒரு பொழுதும் தாமதித்தல் ஆகாது. 111 ஐ அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தினால் மனநல உதவி கிடைக்கும். சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலக்கத்தில் இரவு பகலாகக் கட்டணமின்றி அழைக்கலாம். உயிராபத்து எனில் 999.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது தமிழர் நம்பிக்கை. எனினும் தைப்பொங்கலன்று இலண்டனின் பகல், ஆண்டின் மிகக் குறுகிய பகலைவிட அரைமணி நேரமளவே நீண்டிருக்கும். ஆகவே தை வரும்வரை காத்திராது, கார்த்திகையிலேயே வழியைத் தேடத் தொடங்குவது அறிவுடைமை.