சுகம் விசாரித்தல்

இலக்கிய நேயர்களுக்கு வணக்கம்.

வணக்கம் என்றேன். நான் உங்களை வணங்கியதாக எவரும் நினைத்திருக்க மாட்டீர்கள். பேச்சுத் தொடங்குகிறது என்றே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இப்படிப் பொருளிலும் பயனே பெரிதாகவுள்ள சிறு சொற்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஆங்கிலம் பயிலும் நம்மவர் பலர் இடறுவது இலக்கணத்தில் அல்ல, இந்தச் சிறு சொற்களில்தான். நானும் இடறியவன்.

கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த புதிது. ஆங்கில இலக்கணத்தைத் தலைகீழாகப் பாடம் செய்திருந்தேன். எங்கள் மேலதிகாரி வீட்டிலும் ஆங்கிலமே பேசுபவர். ஒருநாள் காலை என் மேசையருகே வந்து "ஹவ் ஆர் யூ?" என்றார். ஊரில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் என்று முதல்நாள்தான் கடிதம் வந்திருந்தது. கேட்டுவிட்டாரே என்று, பிழையற்ற வாக்கியங்களில் அதைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னரே தலையசைத்துவிட்டுத் தமது அறைக்குள் போய்விட்டார். மனம் நொந்துபோனேன். பதில் வேண்டாதவர் ஏன் கேட்க வேண்டும்? ஆங்கில மரியாதை என்பது வெறும் போலி என்று முடிவுகட்டினேன். அதன்பின் அவர் வரும்போதெல்லாம் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

என் பிழையை எனக்குக் காட்டியது பெர்னார்ட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகம். 1913இல் வியன்னாவிலும் 1914இல் லண்டனிலும் மேடையேறியது. பூ விற்கும் எலைசா என்ற பெண்ணுக்குப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் உயர்குடி உச்சரிப்பைப் பழக்குகிறார். முதற் பரீட்சை அவருடைய தாயாரின் வரவேற்பறையில். காலநிலை, எல்லோருடைய சுகம் ஆகிய இரண்டு விடயங்களை மட்டுமே பேசவேண்டும் என்பது அவளுக்கு இட்ட கட்டளை. அவள் கட்டளையை மீறவில்லை. ஆனால், காலநிலை பற்றிக் கேட்டதும் வானிலை அறிக்கை போல் ஒப்புவிக்கிறாள். சுகத்தைப் பற்றிய பேச்சு வந்ததும், காய்ச்சலில் இறந்ததாகச் சொல்லப்பட்ட தன் பெரியம்மாவை உண்மையில் யாரோ கொன்றுவிட்டார்கள் என்கிறாள். உச்சரிப்பில் குற்றமில்லை, பேச்சுத்தான் தவறிவிட்டது. நிலைமையைச் சமாளிக்க, இதுதான் இப்போதைய புதுநாகரிகச் சிறுபேச்சு என்கிறார் ஹிக்கின்ஸ். வாசித்துச் சிரித்தேன். பிறகு, என் மேலதிகாரியின் முன்னால் நின்ற எலைசா நானே என்பது உறைத்தது.

1923இல் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இவ்வகைப் பேச்சுக்கு 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று பெயரிட்டார். நியூகினிக்கு அருகேயுள்ள ட்ரோப்ரியண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர் அவர். இப்பேச்சு செய்தி சொல்வதற்கானதல்ல. மனிதரை மனிதரோடு பிணைப்பதற்கானது என்பது அவர் கருத்து. இரு ஆங்கிலேயர் சந்தித்தால் முதற்பேச்சு காலநிலைதான் என்று சாமுவேல் ஜோன்சன் 1758இலேயே எழுதிவிட்டார். ஒஸ்கார் வைல்டின் 1895ஆம் ஆண்டு நாடகத்தில் வரும் குவெண்டலினோ, காலநிலையைப் பேசுபவர் மனத்தில் வேறேதோ இருக்கிறது என்று சந்தேகிக்கிறாள். இரண்டும் உண்மையே. "லவ்லி டே, இஸின்ட் இட்?" என்று ஒருவர் சொன்னால், அவர் வானத்தைப் பற்றி நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை, "பேசலாமா?" என்று கேட்கிறார். "இல்லை, மப்பாகத்தானே இருக்கிறது" என்று வாதாடினால் கதவைச் சாத்திவிட்டோம் என்பதே பொருள். "ஹவ் டு யூ டூ?" என்று அறிமுகத்தின்போது கேட்பவருக்கு அதே சொற்களே மறுமொழி. கேள்விக்குக் கேள்வியே பதில்!

இதை விநோதம் என்று நாம் சொல்ல முடியுமா? யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டுப் போகிறவரிடம் "எங்கே?" என்று கேட்பது சகுனப்பிழை. ஆகவே "என்ன, தூரமோ?" என்கிறோம். "உதிலை ஒருக்கால்" என்பது பதில். தூரமும் தெரிவதில்லை, இடமும் தெரிவதில்லை. ஆனாலும் இருவருக்கும் திருப்தி. வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் "வாறன்" என்கிறார். ஆங்கிலம் கற்கும் வெள்ளைக்காரர் அல்ல, தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் அங்கே திகைத்து நிற்பார்.

சில ஆண்டுகளின் பின் அம்மா காலமானார். எட்டுச் செலவு முடிந்து கந்தோருக்குத் திரும்பினேன். அதே மேலதிகாரி என் மேசையருகே வந்தார். "ஹவ் ஆர் யூ?" என்றார். நான் பழக்கத்தில் "ஃபைன், தாங்க் யூ" என்றேன். அவர் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மீண்டும் அதே மூன்று சொற்களை மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்று நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் எத்தனையோ பிழைகள். அவர் எழுந்து போகவில்லை.

அவ்வளவு காலமும் அந்தச் சொற்கள் ஒரு கதவைத் திறந்தபடி வைத்திருந்தன என்பது அன்றுதான் விளங்கியது. நாள்தோறும் வாசலில் நின்று தலையசைத்தவர், வேண்டிய நாளில் உள்ளே வந்தார். நானோ சில ஆண்டுகளாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தவன்.

ஆங்கிலம் பயிலும் இளைஞர்களே, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி இரண்டு சொற்களை மறந்துவிடாதீர்கள். கேட்டவர் போகாமல் நின்றாரானால், உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் நாளில், சிலவேளை நீங்களும் சற்று நில்லுங்கள்.

வணக்கம்.