கல்லின் பெயர் பூண்ட வேந்தன்

'அதெல்சுடன்' என்னும் ஆண்பாற்பெயர் இன்று இங்கிலாந்தில் அரிதினும் அரிது. பழைய ஆங்கிலத்தில் 'அதெல்' என்பது உயர்குடி. 'சுடான்' என்பது கல். தாய்மொழிச் சொல்லிரண்டை இணைத்து மகனுக்குப் பெயராக்குதல் அம்மக்களின் பண்டை வழக்கு.

இப்பெயர் பூண்ட வேந்தன் 927-இல் இங்கிலாந்து முழுமைக்கும் முதல் அரசனானான், 937-இல் புருனன்பர்ப் போரில் வாகை சூடினான், 939-இல் மறைந்தான். அத்துணைப் புகழ்ப்பெயர் மங்கியது ஏன்? 1066-இல் நார்மானியர் நாட்டை வென்றனர். ஆள்வோர் பெயரே மதிப்புடைத்தென எண்ணிய குடிமக்கள் தம் மைந்தர்க்கு வில்லியம், இராபர்ட்டு, இரிச்சர்டு எனப் பெயரிடலாயினர். தலைமுறை சில கழியுமுன் தந்தை பெயர் ஒருமொழி, மகன் பெயர் வேறுமொழி என்றாயிற்று.

எட்வர்டு என்னும் பழம்பெயரோ பிழைத்தது. தூயவராகப் போற்றப்பட்ட பண்டை மன்னர் எட்வர்டின்பாற் கொண்ட பற்றினால், மூன்றாம் என்றி மன்னன் 1239-இல் பிறந்த தன் மகனுக்கு அதனைச் சூட்டினான். அன்று தொட்டு அது வழங்கி வருகின்றது.

19-ஆம் நூற்றாண்டில் வால்டர் சுகாட்டின் 'ஐவன்கோ' புதினத்தில் அதெல்சுடன் கதைமாந்தனாய் வந்தான். குழந்தைகட்கு அப்பெயரை இட்டோர் அந்நூற்றாண்டிலும் மிகச் சிலரே. ஏட்டில் வாழ்தல் வேறு, வீட்டில் வாழ்தல் வேறு. நாடாண்ட பெயராயினும், தொட்டிலில் இட்டு அழைப்பாரின்றேல் மாயும். அழைப்பார் உளராயின் வாழும்.