ஆலை நிலமும் நமது பங்கும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில் 'கல்வியின் பயன்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் உயர்ந்திருப்பதை எமக்கு முன் பேசியோர் எடுத்துரைத்தனர். நாம் கல்வியின் பயனை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். ஓடாமல் நின்றுபோன பஞ்சாலைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் என்ன செய்வது என்று அரசு எழுதுகின்ற விதிகளே அவ்விடம். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தால் நாம் இழந்தது எவ்வளவு என்பதைச் சொல்லவே வந்துள்ளோம்.

கோவையில் 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் அவர்களின் முயற்சியால் முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. திருப்பூரில் 1925இல் பனியன் தொழில் கால்கொண்டது. இங்கும் நூற்பாலைகள் தோன்றின. தனலட்சுமி ஆலை, ஆஷர் ஆலை என்னும் பெயர்களை இவ்வவையிலுள்ள முதியோர் நன்கறிவர். நலிவுற்ற 103 ஆலைகளை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நடுவணரசு நாட்டுடைமையாக்கியபோது, கோவை ஆலைகள் சிலவும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்தன. அவ்வாறு வந்த ஆலைகள் 2020 மார்ச்சு ஊரடங்கின்போது நிறுத்தப்பட்டன. அதன்பின் பழையபடி முழுவீச்சில் ஓடவில்லை. தனியார் ஆலைகள் பல அதற்கு முன்னரே பூட்டப்பட்டுவிட்டன.

இவ்வாலைகளுக்குள் நம்மவர் நின்ற இடம் எது? பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய இயலாதிருந்தது. அறுந்த நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று பிற தொழிலாளர் கூறிவிட்டனர். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இக்கொடுமையை எடுத்துக்காட்டி, அதனை நீக்குதலும் கோரிக்கைகளுள் ஒன்றாதல் வேண்டும் என வற்புறுத்தினார். எம் தந்தையார் இப்பக்கத்து நூற்பாலை ஒன்றின் புளோ ரூமில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் இடம் அது. தூசி மிகுந்த இடம். அங்கே நின்றவர்களுள் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து சென்றவர்களே. ஆலை வளர்ந்ததில் அவர்களுடைய மூச்சும் கலந்திருக்கிறது.

இனி, விதி என்பது யாது எனக் காண்போம். நகரத்தின் முழுமைத் திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழில், இது வேளாண்மை எனத் தனித்தனி வண்ணம் தீட்டியிருப்பர். ஆலை நிலம் தொழிலுக்குரிய வண்ணத்தில் இருக்கும். அதில் அடுக்குமாடி வீடுகள் எழ வேண்டுமாயின் அவ்வண்ணம் மாறுதல் வேண்டும். இதனையே நில உபயோக மாற்றம் என்கின்றனர். வண்ணம் மாறிய அன்றே, ஒரு செங்கல்லும் அசையாத நிலையில், நிலத்தின் மதிப்பு உயர்ந்துவிடுகிறது. அவ்வுயர்வை உண்டாக்கியது பொதுமக்களின் பெயரால் இடப்பட்ட ஓர் ஆணை. அதில் பொதுமக்களுக்கு எவ்வளவு, உழைத்தவர்க்கு எவ்வளவு என்பதே விதிக்குள் அடங்கியிருக்கும் வினா.

இவ்வினாவுக்கு நம் நாட்டில் மிக விரிவான விடை எழுதப்பட்ட ஊர் மும்பை. அங்கே 58 ஆலைகள் ஏறக்குறைய 600 ஏக்கர் நிலத்தில் நின்றன. 1982 சனவரியில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. 1991இல் அந்நகரத்தின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளுள் 58ஆம் விதி இயற்றப்பட்டது. ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் மாநகராட்சியிடம் சேர வேண்டும். மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்குச் சேர வேண்டும். எஞ்சிய பங்கை உடைமையாளர் கட்டிக்கொள்ளலாம் என்று அவ்விதி கூறிற்று.

2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. மூன்று பங்கு என்னும் கணக்கு அப்படியே நின்றது. ஆனால் ஆலை நிலம் முழுவதையும் அளவாகக் கொள்ளாமல், கட்டடம் இல்லாத வெற்றிடத்தை மட்டும் அளவாகக் கொள்ளுமாறு சொல் மாறிற்று. மாணவர்களே, ஐந்தாம் வகுப்புக் கணக்காக இதனைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலைக்கு ஒன்பது ஏக்கர் நிலம் எனக் கொள்வோம். ஆறு ஏக்கரில் கட்டடம், மூன்று ஏக்கர் வெற்றிடம். பழைய விதிப்படி பூங்காவுக்கு மூன்று ஏக்கர், பொது வீடுகளுக்கு மூன்று ஏக்கர். புதிய விதிப்படி பூங்காவுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று. ஆறு ஏக்கர் இரண்டாகச் சுருங்கிவிட்டது. ஒரு சொல் செய்த வேலை இது. அக்கட்டடங்களைப் பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கினாலும் அந்த நிலம் பங்கீட்டுக் கணக்கில் வாராது.

சுற்றுச்சூழல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சு 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, 2001ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்று கூறிவிட்டது. 2012இல் ஆலைத் தொழிலாளர்க்கென வீடுகள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டபோது இருந்த வீடுகள் 6,925. விண்ணப்பித்திருந்தோரோ ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். திருத்தம் வருகிறது என்னும் செய்தி பரவிய நாளிலேயே அச்சொல்லைப் படித்து எதிர்த்திருந்தால், இவ்வேறுபாடு இத்துணைப் பெரிதாக இருந்திராது என்பதே எமது எண்ணம்.

அதே நகரத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அது நமக்கு ஊக்கம் தருவது. தாதரில் அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட சைத்திய பூமியை அடுத்து இந்து மில் என்னும் நாட்டுடைமை ஆலை ஒன்று மூடிக்கிடந்தது. அந்நிலம் அண்ணலின் நினைவிடத்துக்கு வேண்டும் என்று நம் மக்கள் பல ஆண்டுகள் கேட்டனர். 2011 டிசம்பரில் ஆலைக்குள்ளேயே நுழைந்து அமர்ந்தனர். ஏறக்குறைய பன்னிரண்டரை ஏக்கர் நிலமும் நினைவிடத்துக்கு வழங்கப்படும் என 2012 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2015 அக்டோபர் 11ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலை நிலத்தின் எதிர்காலத்தை மக்கள் குரலும் தீர்மானிக்க வல்லது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், புதிய கட்டுமானம் எழுமாயின் நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்தவெளியாகப் பொதுமக்களுக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். இது நல்ல விதியே. ஆயினும் மூடிய ஆலைகளுக்கென்று, உழைத்தவர்க்கு இத்துணைப் பங்கு என்னும் தனி விதி அதில் இல்லை. அதே வேளையில் சட்டம் நமக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. முழுமைத் திட்டம் வகுக்கும்போது அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாத கால அவகாசம் தந்து, மக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும். திட்டத்தில் பின்னர் மாறுதல் செய்யும்போதும் ஆட்சேபணை கோரி அறிவிப்புகள் வருகின்றன.

அந்த வாயில் திறந்திருந்தபோது நாம் என்ன செய்தோம்? இதனைச் சொல்ல எமக்கு நாணமாக இருக்கிறது. எனினும் சொல்லியாக வேண்டும்.

எம் தந்தையார் உழைத்த ஆலை, அவர் ஓய்வு பெறுமுன்னரே பூட்டப்பட்டது. அதன் பின்புறத்து லைன் வீடுகளில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. அங்கிருந்த பழைய பஞ்சுக் குடோனின் தாழ்வாரத்தில், அரிக்கேன் விளக்கின் ஒளியில், நம் பிள்ளைகளுக்கு இரவுப்பள்ளி நடந்தது. நாமும் அங்கே பயின்றவரே. பின்னர் பி.ஏ., பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியரானோம். அந்த லைனில் முதல் பட்டதாரி என்று ஊரார் பெருமை கொண்டனர். நாள்தோறும் நாளிதழ் வாங்கிப் படித்தோம். அரசியல் செய்தியும் தலையங்கமும் விடாமல் படித்தோம்.

ஒரு நாள் மாணவர் வருகைப் பதிவேட்டுக்கு அட்டையிடப் பழைய நாளிதழ் ஒன்றை விரித்தோம். அதன் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. தொழில் உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றக் கோரப்பட்டுள்ள நிலங்களின் புல எண்கள். ஆட்சேபணை இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்னும் குறிப்பு. அவை நம் ஆலையின் புல எண்கள். கெடு முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆட்சேபணை ஒன்றுகூட வரவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

லைன் வீடுகள் காலி செய்யப்பட்டபோது பக்கத்து வீட்டு மூதாட்டியார் எம்மைப் பார்த்து, "ஏங்கண்ணு, நீ தெனமும் பேப்பர் படிக்கறவனாச்சே, இது உன் கண்ணுல படலையா?" என்று கேட்டார். அதில் சினம் இல்லை, வியப்பே இருந்தது. அன்று விடை கூற நாவெழவில்லை. ஆலையை நடத்தியோரையோ அலுவலகத்தையோ இங்கே குறை கூறவில்லை. அறிவிப்பு வெளிவந்தது, படித்தவன் படிக்கவில்லை. நாற்பது குடும்பங்களும் திசைக்கொன்றாயின. தாழ்வாரம் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் வாயிற்காவலருடன் கூடிய வீட்டுமனைகள் உள்ளன.

ஆலை நிலத்தை விற்றால்தான் தொழிலாளரின் நிலுவையும் பணிக்கொடையும் கிட்டும் என்று கூறுவோர் உளர். அதில் உண்மை உண்டு. புதர் மண்டிப் பாழடைந்து கிடப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே மாற்றமே கூடாது என்பது எமது கருத்தன்று. மாற்றத்துக்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்கின்றோம்.

முதலாவது, பொதுப்பங்கு ஆலை நிலத்தின் முழுப் பரப்பின்மீது கணக்கிடப்பட வேண்டும். அதற்குள் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகள் எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். இரண்டாவது, வண்ணம் மாறுமுன் அங்கே குடியிருப்போரின் கணக்கெடுப்பு நடைபெற வேண்டும். மூன்றாவது, அறிவிப்பு எளிய தமிழில் ஆலை வாயிலிலேயே ஒட்டப்பட வேண்டும். நான்காவது, பழமை வாய்ந்த கட்டடங்களுள் ஒன்றேனும் இடிபடாமல் நூலகமாகவோ மாணவர் விடுதியாகவோ பொதுப் பயனுக்கு வர வேண்டும்.

நான்காவது நிபந்தனை ஆடம்பரமன்று. பாரம்பரியம் என்பது கோவிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும் உரியதன்று. ரம்பப் பல் போன்ற கூரையும், செங்கல் புகைபோக்கியும் உழைத்தவரின் வரலாற்றுச் சின்னங்களே. மும்பையில் 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி செய்தனர். நம் மாநிலத்திலும் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்றொரு பஞ்சாலைச் சிற்றூர் உள்ளது. அங்கே ஆலையை நடத்திய இராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். ஆலை 1968இல் நின்றுவிட்டது. எனினும் கட்டடங்களைச் செப்பனிட்டு, வீடுகளில் மக்களை வாழவைத்துக் காத்தனர். 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே பிள்ளைகள் படித்த கூடம் இன்றும் நிற்கிறது. நாம் படித்த தாழ்வாரம் நிற்கவில்லை.

இறுதியாக, சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வெள்ளி விழாவின் நினைவாக வளைவு எழுப்புவதைக் காட்டிலும், ஒரு சிறு பணியைத் தொடங்குவோம். ஞாயிறுதோறும் மேல்நிலை வகுப்பு மாணவர் நால்வர் சங்க நூலகத்தில் அமர்ந்து, அந்த வாரத்து நாளிதழ்களிலும் அரசிதழிலும் வந்த நில அறிவிப்புகளைப் படிக்கட்டும். புல எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். நம் மக்கள் வாழும் இடம் அதில் இருப்பின் அன்றே சங்கத்துக்குத் தெரிவிக்கட்டும். உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கு ஆட்சேபணை மனு எழுதும் முறையைக் கற்பிக்கும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கின்றோம். வருகின்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தில் காத்திருப்போம்.

அந்த மூதாட்டியார் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வியை இனி நம் பிள்ளைகளுள் ஒருவரிடமும் யாரும் கேட்கும் நிலை வாராதிருக்கட்டும்.