நிக்கல் மின்கலம் நலிவது ஏன்?



ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் ஒன்று இருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். அவ்வூர்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு விமானத்தின் மின்கலம் நினைவுக்கு வரும். பறக்கையில் மின்னாக்கி பழுதுற்றால், இன்றியமையாத கருவிகளை இயக்குவது மின்கலத்தின் கடமை. பல விமானங்களில் இதற்கெனப் பயன்படுவது நிக்கல்-காட்மியம் கலம். 1899-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு யுங்னர் அதனைப் படைத்தார். நாளடைவில் அதன் கொள்ளளவு குறைகிறது. காரணம் யாது?

அதன் நேர்மின் தகட்டில் நிக்கல் ஹைட்ராக்சைடு உள்ளது. மின்னேற்றும்போது அது வேறொரு சேர்மமாக மாறுகிறது. மின்சாரத்தை எடுக்கும்போது பழைய நிலைக்கு மீள்கிறது. நிக்கல் செலவாவதில்லை. பொருள் அப்படியே இருக்கப் பயன் மட்டும் குறைவது எங்ஙனம்?

இச்சேர்மம் ஓலைச்சுவடிபோல் அடுக்கடுக்காய் அமைந்தது. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினால், அடுக்குகளுக்கிடையே நீரும் பொட்டாசிய அயனிகளும் புகுகின்றன. இடைவெளி சுமார் ஒன்றரை மடங்காகிறது. தகடு உப்புகிறது. நிக்கல் ஹைட்ராக்சைடோ மின்சாரத்தை எளிதிற் கடத்தாது; தன்னைத் தாங்கும் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பயன்படும். உப்பியும் சுருங்கியும் அத்தொடர்பு அறுகிறது. ஏரியில் நீர் நிறைந்திருந்தும் கால்வாய் தூர்ந்தால் வயல் காய்வதன்றோ? அந்நிலையே இதுவும். மேலும், உப்பிய தகடு காரக் கரைசலை உறிஞ்சிக்கொள்வதால் தகடுகளுக்கிடையேயுள்ள தடுப்பு உலர்ந்து, மின்தடை மிகுகிறது.

வெப்பமும் ஒரு பகை. வெம்மை மிகுந்தால், செலுத்தும் மின்சாரத்தின் ஒரு பகுதி நிக்கலை மாற்றாமல் ஆக்சிஜனை வெளியேற்றுவதில் வீணாகும்.

இவற்றுக்கு மாற்றும் உண்டு. கோபால்ட் சேர்த்தால் துகள்களிடையே மின்சாரம் எளிதிற் பாயும். துத்தநாகமோ காட்மியமோ சிறிதளவு கலந்தால் உப்புதல் குறையும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கலங்களை ஆராய்வது நம் நாட்டுக்குப் பெருமை.

எல்லா நலிவும் நிலையானதன்று. ஓரளவே பயன்படுத்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றுவதால் நேரும் மின்னழுத்தக் குறைவை, முழுதும் மின்னிறக்கி மறுபடி ஏற்றிப் பெரும்பாலும் போக்கலாம். அறுந்த தொடர்போ மீளாது. ஆதலின் விமானக் கலங்களை உரிய காலங்களிற் கழற்றி, மின்னிறக்கிக் கொள்ளளவை அளந்து, தேறாதவற்றை விலக்குகின்றனர்.

உங்கள் வீட்டுச் சிறு கலத்துக்கும் இவ்விதி பொருந்தும். நிறைந்தபின் மின்னேற்றத்தை நிறுத்துங்கள்; வெயிலில் வைக்காதீர்கள். பயனற்ற காட்மியக் கலத்தைக் குப்பையில் எறியாதீர்கள்; காட்மியம் நஞ்சு. அதனை மீட்டெடுப்போரிடம் சேர்ப்பதே முறை.