ஏலகிரி: கம்மி செலவுல ஒரு மலை ஏரி

திருவொற்றியூர்ல இருந்து ஏலகிரி போக கார் வேணாம். லோக்கல் ட்ரெயின்ல சென்ட்ரல், அங்கிருந்து அன்ரிசர்வ்டுல ஜோலார்பேட்டை, அப்புறம் மலை பஸ். 14 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்காக எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டேன்.

வார நாள்ல போங்க, ரூம் வாடகை குறையும். புங்கனூர் ஏரி செயற்கை ஏரிதான். போட்டிங்கை விட, சுத்தி இருக்கிற 14 ஊருக்குள்ள நடக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. அங்க இருக்கிற மலையாளி பழங்குடி மக்கள் பேசுறது தமிழ்; கேரளான்னு நினைச்சுக்காதீங்க. அவங்ககிட்ட பலாப்பழம் வாங்கினா பேரம் பேசாதீங்க, ப்ளீஸ்.

எண்ணூர் காத்துல தினம் இன்ஹேலர் எடுக்கிற அம்மா, அங்க ரெண்டு நாள் அதைத் தொடவே இல்ல.

கீழ இறங்க கடைசி பஸ் எப்பன்னு முதல்லயே கேட்டுடுங்க. நான் கேக்கல. ஆட்டோவுக்குக் கொடுத்தது ட்ரெயின் டிக்கெட்டை விட அதிகம்.